மச்சினன் பெயரில் ஒரு காய்ச்சல்

தெருத்தெருவாகக் கொசு மருந்து அடிக்கிறவருக்குக் 'கொசு எமன்' என்று பெயர். வைத்துக்கொண்டது அவரேதான். முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால், தொட்டியை மூடாதவர்களையும் வலை கட்டாமல் தூங்குகிறவர்களையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கே ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க்காய்ச்சல் வந்து பல் தந்தியடித்தது. எமனுக்கே மலேரியா என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

காய்ச்சல்காரர்களிடம் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும் அவர் வேலைதான். ஆகவே தன் விரலைத் தானே குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி, மச்சினன் பெயரை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். மச்சினன் தையல்காரன், வாயில்லாப்பூச்சி. மாத்திரை வந்ததும் "நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்று வாங்கி, கமுக்கமாகத் தானே விழுங்கிவிடலாம். திட்டம் என்னவோ அருமையான திட்டம்தான்.

ஆய்வகத்திலும் மலேரியா என்றே முடிவு வந்தது. ஆனால் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த நர்சம்மா மாத்திரையை யார் கையிலும் கொடுப்பதில்லை. நோயாளி அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். "உங்க சொந்தம்தானே, நீங்களும் வாங்க" என்று எமனையும் இழுத்துக்கொண்டு தையல்கடைக்கே போய்விட்டார்.

"எனக்குக் காய்ச்சலா?" தையல்காரன் மிஷினை நிறுத்தினான். "என் விரலை யாருமே குத்தலையே!"

"மாத்திரையைப் பார்த்தா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் நர்சம்மா. "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எமன் மச்சினன் தோளில் கை வைத்தார். "போட்டுக்கோ மாப்ளே. உடம்புக்கு நல்லது."

"மாமா, உங்க கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"பம்பு அடிச்சு அடிச்சு அப்படியே பழகிப்போச்சு."

நர்சம்மா பையைத் திறந்துகொண்டே சொன்னார்: "இவர் போட்டதும், இவர் வீட்டுக்குப் போயி பிள்ளைங்களுக்கும் ரத்தம் பார்த்துடணும். ஒருத்தருக்கு வந்தா, கூட இருக்கறவங்களையும் அதே கொசு கடிச்சிருக்கலாம். சின்னப் பிள்ளைன்னா தாங்காது, சட்டுனு கைமீறிப் போயிடும்."

எமனுக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. காலையில் அவள் சாப்பிடாமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று திட்டிவிட்டு வந்திருந்தார். இனி மச்சினன் பிள்ளைகளைத்தான் குத்துவார்கள். தன் வீட்டுப் பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"சிஸ்டர், அது என் ரத்தம்!" என்று கத்தியேவிட்டார். "எனக்குத்தான் மலேரியா. இவன் பேர்ல நான் அனுப்பினேன். என் பொண்ணை வந்து பாருங்க, முதல்ல அவளைப் பாருங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதனை அட்டையில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு தெரிந்தது. அவளுக்கும் அதேதான்.

"இன்னைக்கே வாயைத் திறந்தீங்களே, புண்ணியமாப் போச்சு," என்ற நர்சம்மா, அவளை எடை பார்த்து அளவாக மாத்திரை எடுத்து வைத்தார். தனி மாத்திரை எமனுக்கு.

கூடவே வந்திருந்த தையல்காரன், எமன் விழுங்கி முடித்ததும் டார்ச்சை அவர் வாய்க்குள் அடித்தான். "நாக்கைத் தூக்குங்க மாமா. உங்களை நம்ப முடியாது."

"கசக்குதாப்பா?" என்றாள் மகள்.

"ரொம்பக் கசக்குதும்மா."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். எமனுக்குக் கண்ணில் நீர் முட்டி வழிந்தது. யாரும் கேட்காமலே, "மலேரியா வந்தா இப்படித்தான்," என்றார்.