கொக்குச் சத்தம்

பூனைகள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று காவாந்தண்டலம் கிராமசபை தீர்மானம் போட்ட மறுநாள், மோகனாவின் பூனை வாயைத் திறந்தபோது அது தின்ற பறவைகள் கத்தின. முதலில் சிட்டுக்குருவி, பிறகு தவிட்டுக்குருவி, பொழுது சாய்கையில் கானாங்கோழி. ஏரியில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமான ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியே திரியும் பூனையை வனத்துறை வண்டி கொண்டுபோகும் என்பது தீர்மானம். மற்ற வீடுகளில் கட்டிப் போட்டார்கள். நெசவு வீட்டில் அது ஆகாது. தறியில் ஏற்றக் கஞ்சி போட்டு வைத்த பாவு நூலை எலி கடிக்கும். மோகனா கட்டவில்லை. பூனை பின்சுவர் ஏறி ஏரிக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"இன்னாடி மோகனா, உன் பூனை வயித்துல ஏரியே கீதா?" என்று எதிர்வீட்டு ஜெயம்மாள் கேட்டாள். மோகனா சிரிக்கவில்லை. பத்தாம் நாள் குருவி, கானாங்கோழி, கொக்கு என்று பறவைகள் கூரையில் வந்து உட்கார்ந்தன. ஓடு தெரியவில்லை. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் வாசலையே பார்த்தன. விரட்டினால் எழும்பி அதே இடத்தில் உட்கார்ந்தன. நான்கு மாதக் குழந்தை இளமதியின் தூளியை மோகனா உள்ளறைக்கு மாற்றி ஜன்னலைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை வனக்காவலர் ஏகாம்பரம் வந்தார். மோகனாவின் கணவன் பாஸ்கர் பூனையை நூல் பெட்டியில் போட்டு மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். உள்ளே அது தூங்கிவிட்டது.

"பூனை கீதாமே?"

"இருந்துச்சு சார். எங்கியோ ஓடிப்போச்சு" என்றாள் மோகனா.

அப்போது உள்ளறையில் ஒரு கொக்கு கத்தியது. கூரை முழுக்க ஓடுகள் அசைந்தன.

"அது இன்னாம்மா சத்தம்?"

பாஸ்கர் பெட்டியில் காது வைத்தான். பெட்டி அமைதியாக இருந்தது. மோகனா தூளியைப் பார்த்தாள். பிரசவமான வாரம் பால் சுரக்கவில்லை என்று, பாஸ்கர் செய்யாற்றுப் பக்கம் கண்ணி வைத்துப் பிடித்த கொக்கைக் குழம்பு வைத்துத் தின்றவள் அவள். அவள் தொண்டையில் ஒன்றும் இல்லை. கொக்கின் சத்தம் பாலோடு குழந்தைக்குள் இறங்கியிருந்தது.

ஏகாம்பரம் உள்ளறைப் பக்கம் ஓரடி வைத்தார். மோகனா புருஷனைத் தள்ளிப் பெட்டியைத் திறந்து பூனையைக் கழுத்தோடு தூக்கினாள்.

"இதுதான் சார் கத்துச்சு. இட்டுகினு போங்க."

"பாவு போயிடும்டி."

"போவட்டும்யா."

கூண்டில் விட்டதும் பூனை சிட்டுக்குருவியாகக் கத்தியது. ஏகாம்பரம் நம்பினார். வண்டி உத்திரமேரூர் சாலையில் திரும்பியது. கூரையிலிருந்த குருவிகளும் கானாங்கோழிகளும் அதன் பின்னால் போயின. கொக்குகள் போகவில்லை.

அந்த மாதமே எலி பாவு நூலைக் கடித்தது. வேறு பாவு ஏற்றினார்கள். இளமதி இப்போது மானாம்பதிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஐப்பசி பிறந்தால் மோகனா அவளை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போடுகிறாள். பங்குனி முடிந்துதான் வெளியே விடுகிறாள். ஆசிரியை பதிவேட்டில் காரணம் எழுதுவதில்லை. வருஷத்துக்கு வருஷம் கொக்குகள் கொஞ்சம் கீழே இறங்கி இப்போது ஜன்னல் விளிம்பில் உட்காருகின்றன. பள்ளி விடும் நேரத்தில் அவை கூப்பிடுகின்றன. இளமதி கதவோரம் நின்று பதில் சொல்கிறாள். பாஸ்கர் தறியை நிறுத்துவதில்லை.