கல்லு தெரில

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றிக்கடனிலிருந்து. என் மனைவி அமிர்தம் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் காரணம். அதற்கு மாலை போட முடியாது. எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான்.

முதல் தொடக்கம்: ‘கல்வராயன் மலைமேல் கருமேகங்கள் திரண்டு—’ வேண்டாம். மேகம் திரளாத கதை நம்மிடம் ஏது?

இரண்டாவது: ‘கணினியின் முன் அமர்ந்திருந்த அபிநயாவின் விழிகளில் ஒரு கனவு—’ புரோகிராமை எழுதிய அபிநயாவிடமே இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

“கனவுலாம் இல்லண்ணா. தூக்கந்தான் இருந்துச்சு.”

2

சரி, நேராகவே சொல்கிறேன். கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மேலே ஓடையோரம் பெட்டிக்கடை வைத்திருக்கும் கலையரசி, அங்கே அடிக்கணக்கு எழுதி நட்டிருக்கும் கல்லைப் பார்த்து, போனில் ஒரு வரி அனுப்புவாள்: ஓடையின் பெயர், கமா, அளவு, கமா, நேரம். கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் அபிநயா, நாங்கள் கேட்டதற்காக எழுதிக் கொடுத்த புரோகிராம், அந்த வரியைப் பிரித்து ‘நீர்ச்செய்தி’ என்று ஓர் ஆப்ஜெக்ட் ஆக்கும். அளவு நாலடியைத் தாண்டினால் கீழே எல்லோருக்கும் போன் அடிக்கும்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆப்ஜெக்ட் என்பது அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகு அறையில் கடுகுதான் போடலாம். அளவு அறையில் எண்தான்.)

3

அன்று மதியம் அளவு இருக்க வேண்டிய இடத்தில் கலையரசி எழுதியிருந்தது: ‘கல்லு தெரில’.

[இங்கே மழை பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

கல்லே மூழ்கிவிட்டது. எண் இல்லாததால் ஆப்ஜெக்ட் உருவாகவில்லை. இந்த மாதிரி சமயத்தில் சும்மா ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டு மேலே போகும்படி எழுதுகிறவர்கள் உண்டாம். பூஜ்யம் என்றால் ஓடை வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம். அபிநயா, படிக்க முடியாவிட்டால் அதையே ஒரு பெண் குரலில் சொல்லி எல்லோரையும் கூப்பிடும்படி எழுதியிருந்தாள். கலையரசி கமா போட மறந்தபோதெல்லாம் போன் அடித்து, ஊரே இருவரையும் திட்டித் தீர்த்தது. அபிநயா மாற்றவே இல்லை. அவளுக்குக் கோடி கும்பிடு.

அமிர்தம் அப்போது மாட்டுக்குக் கரும்புத்தோகைக் கட்டோடு ஓடையில் இறங்கியிருந்தாள். மீதியை அவளே சொல்லட்டும்.

“ஒரு பொண்ணு பேசுச்சு. ‘செய்தி வந்திருக்கு, எனக்குப் புரியல, கரையேறிடுங்க’ன்னுச்சு. பாவமா பூட்ச்சு. சரி, ஏறி நின்னு இன்னா ஏதுன்னு கேப்போம்னு ஏறுனேன். கட்டக் கூட எறக்கல, தண்ணி வந்துட்ச்சு. மரத்தலாம் உருட்டிக்கினு.”

4

இங்கேயே முடித்திருக்கலாம். நன்றி சொல்ல மலைக்குப் போனது தப்பாகிவிட்டது. தட்டில் சேலை வைத்துக் கொடுத்தோம். கலையரசி வாங்கக் கூச்சப்பட்டாள்.

“நம்பர்தாங்க போடச் சொன்னாங்க. கல்லயே காணோம், இன்னாத்த போடறது? மறுபடி திட்டுவாங்கன்னு, காலைல போட்ட மூணையே போட்டுடலாம்னு அடிச்சுகூட வெச்சிருந்தங்க.”

அமிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று. அளவு அறையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். போன் அடித்திருக்காது. புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் புரோகிராமுக்கு, ஒழுங்காக வந்த பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

5

ஆக, இரண்டு முடிவுகள். முதலாவதை எழுதிப் பார்த்தேன்: ‘ஓடையில் தோகைக் கட்டு மட்டும் மிதந்து—’ அதற்கு மேல் கை ஓடவில்லை.

இரண்டாவதில் கலையரசி மூன்றை அழிக்கிறாள். ஏன் அழித்தாள்? அவளிடமே கேட்டேன்.

“தெரிலீங்க” என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு காரணம் கற்பிப்பது பெரிய வேலையே இல்லை. கற்பிக்கப் போவதில்லை. மழையில் கடை வாசலில் நிற்கிறாள். மூன்று அடித்தாகிவிட்டது, இன்னும் அனுப்பவில்லை. விரல் ஏன் பின்னால் போகிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது போனதே போதும்.

பக்கத்து அறையில் அமிர்தம் போனில் யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.