அன்னக்கொடி சொல்லச் சொல்ல எழுதியது

1953ஆம் வருஷம் ஐப்பசி மாதம், குரங்கணிக்கு மேலே இருந்த ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து அன்னக்கொடி நடந்தே போடிக்கு இறங்கி வந்தாள். இடது காது கிழிந்து, வழிந்த ரத்தம் காய்ந்து ரவிக்கையோடு ஒட்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே தகரக் கொட்டகையில் மனு எழுதிக் கொடுக்கும் ஆதித்தன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

ஆதித்தன் மதுரையில் தத்துவம் படித்து பி.ஏ. வாங்கியவன். உத்தியோகம் அமையாமல் இந்தப் பிழைப்புக்கு வந்திருந்தான். அடிதடி மனு என்றால் அவன் கை தானாக ஓடும். அவள் சொன்ன நாலு வார்த்தையை வைத்து எழுதி, வாசித்தும் காட்டினான்.

"மேற்படி கங்காணி சின்னத்துரை என்னைப் பிரம்பால் தாக்கி, காதிலும் கழுத்திலும் காயம் உண்டாக்கினார்."

"இது வேற யாருக்கோ நடந்த மாதிரி இருக்குய்யா" என்றாள் அன்னக்கொடி.

"நடந்தது இதுதான தாயி?"

"நடந்து முடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லலையே."

ஆதித்தனுக்கு எரிச்சல் வந்தது. "அப்ப நீயே சொல்லு. எழுதுறேன்."

முந்தின நாள் கூட வேலை செய்யும் பேச்சி சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அதே சரிவில், மழைக்குள் காய் பறிக்க இறங்கச் சொல்லியிருக்கிறான் சின்னத்துரை. மாட்டேன் என்று திரும்பி நடந்திருக்கிறாள்.

"மொதல்ல வலிக்கலய்யா. சத்தந்தான் கேட்டுச்சு. பெறகு கொதிக்கிற தண்ணி கழுத்துல இருந்து முதுகுக்கு எறங்குச்சு. நான் விழுந்தேன்னு எழுதாதீக. நான்னு ஒருத்தி அப்ப இல்ல, விழுகுறது மட்டுந்தான் இருந்துச்சு. வாயில சகதி கரிச்ச பெறகுதான் இது என் வாயின்னு தெரிஞ்சுச்சு. காதப் பிடிச்சு இழுத்தான். எங்காது எது, அவங்கை எதுன்னு பிரிக்க முடியல. கிழியிற சத்தம் மண்டைக்குள்ள இருந்து வந்துச்சு. இப்பவும் பின்னால யாராச்சும் நடந்தா கழுத்து தன்னால சுருங்குது. அந்த அடி இன்னும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு."

ஆதித்தனின் கை அவனுடைய கழுத்துக்குப் போயிருந்தது. மனிதன் என்று ஒருத்தன் முதலில் இருந்து, அனுபவம் பிறகு அவனிடம் வருவதில்லை. நிகழ நிகழத்தான் அவன் உண்டாகிறான். கடந்துபோனது சாகாமல் இந்த நொடிக்குள் வந்து வேலை செய்கிறது. கல்லூரியில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கு வாங்கியவன் அவன். அது ஒரு நாளும் உடம்பில் பட்டதில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, அவள் சொன்னபடியே முதலிலிருந்து எழுதினான்.

கடைசி வரிக்கு வந்தபோது கொட்டகை வாசலில் தோட்டத்து ஜீப்பு நின்றது. அவளைத் தேடி வந்த சின்னத்துரை பிரம்போடு இறங்கினான்.

"என்னடா எழுதுற? கொண்டா அத."

ஆதித்தன் தாளைச் சட்டைக்குள் செருகினான். பிரம்பு அவன் வலது கை விரல்களில் இறங்கியது. அவள் சொன்னது போலவே சத்தம்தான் முதலில் வந்தது. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கியது. மூன்றாவது அடி முகத்தில் பட்டு ஒரு கண் மூடிக்கொண்டது. மைக்கூடு உடைந்து மையும் ரத்தமும் கலந்து ஓடின. சின்னத்துரை அவன் மார்பில் காலை ஊன்றிச் சட்டையைக் கிழித்தான்.

அன்னக்கொடி முக்காலியை இரண்டு கையாலும் தூக்கிச் சின்னத்துரையின் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் அலறிக்கொண்டு சரிந்தான். அவள் நிறுத்தவில்லை. எதிரே இருந்து ஓடி வந்த போலீஸ்காரர்கள் மூன்று பேர் சேர்ந்துதான் அவளைப் பிடித்து விலக்க முடிந்தது.

சின்னத்துரை மேலும் அன்னக்கொடி மேலும் வழக்குப் பதிவானது. பெரியகுளம் கோர்ட்டில், அது மனுவே இல்லை, கதை என்று சின்னத்துரையின் வக்கீல் தள்ளப் பார்த்தார். மாஜிஸ்திரேட் தாளை வாங்கித் தானே உரக்க வாசித்தார். சகதி கரித்த இடத்தில் நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தார். அன்னக்கொடி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

சின்னத்துரைக்கு ஆறு மாதம் ஜெயில் கிடைத்தது. அன்னக்கொடியை எச்சரித்து விடுதலை செய்தார்கள். எந்தத் தோட்டத்திலும் பிறகு அவளைச் சேர்க்கவில்லை; சிலமலைப் பக்கம் பருத்தி எடுக்கப் போனாள்.

ஆதித்தனின் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. இடது கையால் எழுதப் பழகினான். ஒரு மனுவுக்கு அரை நாள் ஆகிறதென்று ஆட்கள் அலுத்துக்கொண்டார்கள். அடிபட்டு வந்தவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "மொதல்ல என்ன தெரிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் தொடாமல் காத்திருந்தான்.