தேங்காய் விழுந்த காயம்

எங்கள் ஆசுபத்திரியின் அவசரப் பிரிவில் யாரும் யாரையும் அடித்ததில்லை. குளியலறையில் வழுக்கி விழுவார்கள், மாடு முட்டித் தள்ளும், தலையில் தேங்காய் விழும். மண்டை பிளந்து வருகிறவனுக்கும் இதே காரணங்கள்தான், அரிவாள் வெட்டோடு வருகிறவனுக்கும் இதேதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கேட்பதுதான் என் வேலை. குடியால் ஏற்படும் காயங்களைப் பற்றி ஒரு மருத்துவ ஆய்வு நடக்கிறது. மலையாள எல்லையோரம் சித்தூர்ப் பக்கத்து ஆசுபத்திரிகளில் அதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள், இங்கே நான். அடிபட்டு வருகிறவரிடம் எப்படிப் பட்டது, குடித்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, ஊதுகிற மிஷினை வாயருகே நீட்ட வேண்டும். நான் படித்தது தாவர வேதியியல். கோயமுத்தூரில் ஒரு பேராசிரியையிடம், காட்டுச் செடிகளின் சாற்றில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாடித் தட்டுகளில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆய்வு பாதியில் நின்றது, இது கிடைத்தது. செடி கெட்ட வார்த்தை பேசாது. அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே களை கட்டிவிட்டது. ஒரு மாமனும் மச்சானும் பாட்டிலால் குத்திக்கொண்டு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மச்சானின் காது பாதி தொங்கியது. மாமனின் புறங்கையில் கண்ணாடிச் சில்லு செருகியிருந்தது. தையல் போட்டுப் படுக்க வைத்ததும் மாமனுக்குப் பழைய பேச்சு ஏதோ ஞாபகம் வந்து, குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி மச்சானின் வயிற்றில் இடித்தான். மச்சான் எகிறியதில் தைத்த காது மறுபடி கிழிந்தது. வார்டு உதவியாளர் ராக்கப்பன் மாமனின் மேல் ஏறி உட்கார்ந்துதான் அடக்கினார். தரையெல்லாம் ரத்தம். அதை மிதித்துக்கொண்டே நான் மிஷினை நீட்டினேன், ஊதினார்கள். எப்படிப் பட்டது என்று கேட்டேன். வழுக்கி விழுந்துவிட்டார்களாம், இரண்டு பேரும்.

இந்த ஆய்வின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அடிபட்டவர் குடித்திருந்தால்தான் கணக்கு. குடித்தவன் அடித்து, குடிக்காதவள் தாடை உடைந்து வந்தால் அவள் கணக்கில் வரமாட்டாள். மேலே இருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அது வேறு ஆய்வு என்றார்கள். அந்த வேறு ஆய்வை யார் நடத்துவார்கள் என்றேன், போனை வைத்துவிட்டார்கள்.

தரையைக் கழுவி முடிப்பதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியது என் அண்ணன் பூபதிராஜா. அவன் தோளில் சாய்ந்தபடி அவன் மனைவி மௌனிகா, என் அண்ணி.

முதலில் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தாடை ஒரு பக்கமாக விலகிப் போயிருந்தது. வாய் மூடவில்லை. ரத்தமும் எச்சிலும் நைட்டியின் மார்பில் வடிந்துகொண்டிருந்தன. இடது கையால் தாடையைத் தாங்கியிருந்தாள். வலது கை இறுக மூடியிருந்தது. வலி தாங்காமல் இறுக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“தோப்புல நின்னுட்டிருந்தாளுங்க டாக்டர். தேங்கா விழுந்துருச்சு,” என்றான் அண்ணன்.

டாக்டர் ஜிஜோ கோட்டயத்துக்காரர், இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தாடை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

“அதெல்லாம் வேண்டாமுங்க. ஒரு கட்டு மட்டும் போட்டு உடுங்க. ஊட்டுல வெச்சு நான் பாத்துக்கறேன்.”

வீட்டில் வைத்து அவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் அண்ணியின் மணிக்கட்டு முறிந்தது, குளியலறை என்றான். பொங்கலுக்கு முன்னால் கொதிக்கிற கஞ்சி அவள் தொடையில் கொட்டியது, மாடு தட்டிவிட்டது என்றான். அடிதடி என்று சொன்னால் டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். தேங்காய் என்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிடலாம், தேங்காயின் மேல் கேஸ் கிடையாது. இன்றைக்கு இவனோடு திரும்பிப் போனால் அடுத்த தடவை அண்ணியை உயிரோடு பார்க்கமாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊர் பெருமாட்டியில் இருக்கிற தென்னந்தோப்பு முழுவதையும் அப்பா கள்ளுக்கு விட்டிருக்கிறார். பாளை விரிவதற்கு முன்பே கட்டிச் சீவிக் கள் இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் காய் எங்கே பிடிக்கும். சட்னிக்குக்கூடக் கடையில் தேங்காய் வாங்குகிற தோப்புக்காரர்கள் நாங்கள். அந்தக் கள் விற்கிற ஷாப்பு தோப்பு முனையிலேயே இருக்கிறது, அண்ணன் காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். ஊரார் எல்லாரும் சொல்கிற பொய்யையே அவனும் சொல்லிவிட்டான். தன் மரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

அப்போதுதான் அவன் வலது கையில் சுற்றியிருந்த கைக்குட்டையைக் கவனித்தேன். ரத்தம் ஊறியிருந்தது.

“அண்ணா, உங்களுக்கும் அடிபட்டிருக்குது. இதுல ஒருக்கா ஊதுங்ணா.”

“எனக்கென்னத்துக்கு அம்மிணி?”

“அடிபட்டவங்க எல்லாரும் ஊதோணுமுங்க. அதான் ரூலு.”

டாக்டர் கைக்குட்டையைப் பிரித்தார். விரல் முட்டிகளில் தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், “இது பல்லு பட்ட காயமல்லே?” என்றார்.

அண்ணன் என் மேல் பாய்ந்தான். என் தலைமுடியைப் பிடித்து முகத்தை மருந்து மேசையில் மோதினான். மூக்கு உடையும் சத்தம் எனக்கே கேட்டது. மறுபடியும் மோதினான். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுக்கிறாயா என்று என்னென்னவோ கத்தினான். விலக்க வந்த டாக்டரின் முகத்தில் இரும்புத் தட்டை வீசியதில் அவர் புருவம் கிழிந்தது. பிறகு திரும்பி, அண்ணி படுத்திருந்த தள்ளுவண்டியை எட்டி உதைத்தான். வண்டியோடு அவள் தரையில் விழுந்தாள். உடைந்த தாடையோடு அவளால் கத்தக்கூட முடியவில்லை, தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. இன்னொரு உதை அவள் வயிற்றுக்கு ஓங்கியபோது, வழுக்கி விழுந்த மாமனும் மச்சானும் இரண்டு பக்கமும் வந்து அவன் காலை வாரினார்கள். ராக்கப்பன் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மாமனும் மச்சானும் சேர்ந்து செய்த ஒரே நல்ல காரியம் அது.

ஜீப்புக்குப் பின்னாலேயே கிளம்பியிருந்த அப்பா அந்த நேரம் வந்து சேர்ந்தார். எங்கள் அப்பா அப்புசாமிக்கு ஊரில் நல்ல மரியாதை. வெள்ளை வேட்டி கசங்காமல், கீழே கிடக்கிற மகனையும் மருமகளையும் தாண்டி, நேராக டாக்டரிடம் போய்க் கும்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டாக்டருங்க. மருமவளுக்குத் தேங்கா விழுந்ததுங்க. இந்தப் புள்ள அதைப் பாத்துப் பதறிக் கால் தடுக்கி விழுந்துட்டா. ஊட்டு விஷயமுங்க, நாங்க பாத்துக்கறோம்.” பிறகு என்னிடம் குனிந்து சொன்னார்: “கவுசி, நாலு பேருக்கு முன்னால நம்ம மானத்த வாங்கிப்போடாத சாமி.”

அப்பா என்னைச் சாமி என்று கூப்பிட்டு ஒன்று கேட்டால் நான் மறுத்ததே இல்லை. அவ்வளவு பிரியம் அவர் மேல். அந்தப் பிரியத்தின் மேலேயே எனக்கு அப்போது ஆத்திரம் வந்தது.

டாக்டர் புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, “கௌசிகா, எப்படிப் பட்டது?” என்று கேட்டார். நான் தினமும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

“ஏனுங்கப்பா, நம்ம தோப்புல எந்த மரத்துல தேங்கா இருக்குது?” என்றேன். மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் வாயில் உப்புக் கரித்தது. “டாக்டருங்க, அத்தனை மரமும் கள்ளுக்குக் கட்டியிருக்குது. பேருக்குக்கூட ஒரு காய் கெடையாது. அண்ணிய அடிச்சது எங்கண்ணன். என்னைய அடிச்சத நீங்களே பாத்தீங்க.”

அப்பாவின் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை. “இவளுக்கு அண்ணன் மேல எப்பவும் ஆவாதுங்க. மருமவளையே கேளுங்க. அவ சொல்லட்டும்,” என்றார். அவளால் வாய் திறக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னார்.

அண்ணியை அப்போதுதான் நானும் ராக்கப்பனின் துணைக்கு வந்த நர்ஸும் தூக்கி உட்கார வைத்திருந்தோம். அவள் அப்பாவைப் பார்த்தாள். வலது கையை நீட்டி மெல்ல விரித்தாள். உள்ளே அவளுடைய முன்பற்கள் இரண்டு. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம், வண்டியோடு கீழே விழுந்தபோதும், அவற்றை விடாமல் பிடித்திருக்கிறாள். டாக்டரின் உள்ளங்கையில் அவற்றை வைத்தாள். பிறகு அண்ணனின் கிழிந்த முட்டிகளை விரலால் காட்டினாள்.

டாக்டர் போலீசுக்குப் போன் செய்தார். அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நான் தரையில் கிடந்த மிஷினை எடுத்துத் துடைத்து, ராக்கப்பனுக்குக் கீழே கிடந்த அண்ணனின் வாயருகே கொண்டுபோனேன்.

“ஊதுங்ணா,” என்றேன்.

ஊதினான்.