யானைக் காதுக் கோப்பை

மாலை வகுப்பில் நான் செய்த முதல் மண் கோப்பையை, ஆசிரியை கலைஞர்கள் தெருவிலுள்ள கைவினைக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தார். சூளையில் மண் சுருங்கும் என்று பயந்து, கைப்பிடியை அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்துவிட்டிருந்தேன். யாரும் வாங்காவிட்டால் வகுப்பையே விட்டுவிடுவதாக இருந்தேன். யார் செய்தது என்று சொல்லாமல் சித்தியை அங்கே அழைத்துப்போனேன்.

“இதென்னடி, யானைக் காதாட்டம்!” என்று சித்தி சிரித்தாள்.

“புதுசா கத்துக்கிற பொண்ணு செஞ்சதும்மா,” என்றார் கடைக்காரர்.

என் முகம் சுண்டிப்போனது.

சித்தி, மூட்டுவலியில் வீங்கிய விரல்களைக் கைப்பிடிக்குள் விட்டுப் பார்த்தாள். நான்கும் நுழைந்தன.

“அட, ஒரு கையாலயே தூக்க வருதே! இத கட்டிக் குடுங்க. அந்தப் பொண்ண இன்னொன்னும் செய்யச் சொல்லுங்க. கைப்பிடிய சின்னதாக்கிடப் போறா, பாவி!”

“ஆக்கமாட்டேன் சித்தி,” என்றேன் அவசரமாக.