குறை சொல்லாதவர்

இன்னது வேண்டும் என்று கேட்காமலே தட்டுகள் வந்து இறங்கின. பரிமாறும் பெண் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்து, ஒரு துளி சிந்தாமல் மேஜை முழுக்கப் பரப்பினாள். தேங்காயில் கறுக்கச் சுண்டவைத்த கறி, மஞ்சள் குழம்பில் பலாக்காய், மிளகாய் விழுதில் புரட்டிய முட்டை, மரவள்ளி இலை மசியல், பச்சை மிளகாயை நசுக்கி எண்ணெயில் வதக்கிய சம்பல். மனைவியோடு உட்கார்ந்திருந்த ரிஜெக்ட் பதறிப்போய், நாங்கள் இன்னும் எதுவுமே சொல்லவில்லையே என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். இந்தோனேசியாவில் எங்கள் பக்கம் இப்படித்தான். எல்லாம் மேஜைக்கு வரும், தொட்டதற்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போய்விடும். ரிஜெக்டுக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது.

ரிஜெக்ட் என்பது துணி ஏற்றுமதி கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர். வேலையே அதுதான். விளக்குப் பலகையின் மேல் துணியை ஓடவிட்டு, ஓர் இழை தப்பியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் எடுக்கமாட்டார். இந்த மனுஷர் எப்படித்தான் ஒரு பெண்ணைப் பார்த்து பாஸ் பண்ணிக் கல்யாணம் செய்தார் என்று தையல் பிரிவில் கேலி பேசுவார்கள். ஆனால் வீட்டில் அவர் வேறு ஆள். தட்டில் எது விழுந்தாலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். கேட்டால் ‘நல்லாருக்கு’ என்பார். சாப்பாட்டில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. ஊரில் எத்தனை ஆண்கள் அப்படி இருக்கிறார்கள் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வார்.

ஓய்வு பெற்றதற்குக் கம்பெனி கொடுத்த பரிசுதான் இந்த வெளிநாட்டுப் பயணம். கூட வந்த கூட்டம் கடைவீதிக்குப் போயிருந்தது. மனைவிதான் தெருமுனைப் பலகையைப் பார்த்து, இங்கேயே சாப்பிடலாம் என்றாள். அவருக்கு ஆச்சரியம். பயணம் முழுக்க அவள் எதிலும் மனம் வைக்கவில்லை. ஊரில் அலுவலகங்களுக்கு மதியக் கேரியர் கட்டிக்கொடுக்கும் மெஸ்ஸை நடத்துகிறவள் அவள். கொஞ்ச காலமாகக் கேரியர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. புறப்படுவதற்கு முந்தின வாரம் பேங்க்காரர்களும் அடுத்த மாதத்தோடு போதும் என்றுவிட்டார்கள். அவர்கள்தான் மெஸ்ஸின் முதுகெலும்பு. போய்விட்டு வந்து மெஸ் இருக்குமா இருக்காதா என்று சொல்கிறேன் என உதவிக்கு இருந்த இரண்டு பெண்களிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஊரில் புதிதாக வந்த ஓட்டல்தான் காரணம் என்பது ரிஜெக்டின் முடிவு.

அவர் முட்டையையும் பலாக்காயையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதற்குள், அவள் கரண்டியை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் குத்தி வைத்தாள். ஒன்றுவிடாமல். இனி எதுவும் திரும்பிப் போகாது.

“என்னம்மா பண்றே? யாரு இவ்வளவையும் சாப்பிடறது?”

“நீங்கதான்.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னங்க, எனக்கு ருசி தெரியல. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. உப்பு, புளிப்பு, வாசனை எதுவும் இல்ல. காரம் மட்டும் எரியுது.”

காய்ச்சல் வந்தது போன மழைக்காலத்தில். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்றார். இரண்டு பேரைப் பார்த்துவிட்டாளாம், வந்தால் வரும் என்றார்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சமைக்கிறவளுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா யார் வாங்கிச் சாப்பிடுவா? உங்ககிட்ட சொன்னா முகத்துலயே எழுதி ஒட்டிக்குவீங்க. அதான் சொல்லாம, தினமும் காலையில கேட்டேன்.”

கேட்டாள். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து வந்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பை அவர் உள்ளங்கையில் விட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இல்லாத வழக்கம். வயதாக ஆக இவளுக்கு நம்மேல் ஆசை கூடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சொட்டை நக்கிவிட்டு ‘நல்லாருக்கு’ என்று சொல்லிப் படியிறங்கும்போது மனம் குளிர்ந்திருக்கும். சில நாள் உப்பு கரித்தது. சில நாள் புளி தூக்கலாக இருந்தது. அதையா போய் அந்த நேரத்தில் சொல்வார்கள்? இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. அவர் நல்லாருக்கு என்றதை நம்பித்தான் அவள் அத்தனை கேரியரையும் மூடி அனுப்பியிருக்கிறாள்.

“பேங்க்காரங்க சொன்னதுக்கு மறுநாள் குழம்புல உப்பே போடல. வேணும்னேதான். அன்னைக்கும் நல்லாருக்குன்னீங்க.”

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. வாயில் வைத்ததுமே தெரிந்தது. நேற்று முழுக்க அழுதவளிடம் உப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டார். மதியம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

“நீ கஷ்டப்படுவியேன்னு...”

“துணியில ஒரு இழை போனா ராத்திரி தூங்கமாட்டீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நம்ம சாப்பாடுன்னா பழக்கத்துல வாய் தானா சொல்லிடும். இதெல்லாம் உங்களுக்குப் புதுசு. சாப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொல்றதை வெச்சு என்னால சமைக்க முடியும்னா பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்க்கறேன். இல்லேன்னா ஊருக்குப் போனதும் பாத்திரத்தை வித்துடலாம்.”

அவர் பலாக்காயை எடுத்து வாயில் வைத்தார். நல்லா என்று ஆரம்பித்த வார்த்தையைக் கடித்து நிறுத்தினார். மறுபடி மென்றார். முப்பது வருடம் துணியைப் பார்த்தவருக்கு நாக்கால் பார்க்கத் தெரியவில்லை. என்னென்னவோ வந்து போயிற்று, எதற்கும் பெயர் கிடைக்கவில்லை. நெற்றி வியர்த்தது. அடுத்து கறியை எடுத்தார். தேங்காய் வறுத்த மணம், அடியில் ஏதோ எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை என்று திக்கித் திக்கிச் சொன்னார். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சம்பலை ஒரு விரல் எடுத்து வைத்தார். எரிச்சல் அடங்கும்வரை காத்திருந்தார்.

“இதுல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.

மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டில் அவர் சொன்ன முதல் குறை அது. சொன்னதும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

“நெஜமாவா? இல்ல, நான் இவ்வளவு சொன்னேனேன்னு சொல்றீங்களா?”

நெஜம்தான் என்றார். சொல்லும்போதே, நெஜம்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மறுபடி ஒரு விரல் எடுத்து வைத்தார். எரிந்தது, அவ்வளவுதான்.

அவள் கையைத் தூக்கிப் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டாள். சம்பல் தட்டைக் காட்டி, இதைக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார் என்று சைகை செய்தாள். முடியோ பூச்சியோ விழுந்துவிட்டதோ என்று அந்தப் பெண் பயந்துபோய்த் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை இல்லை என்று தலையாட்டி, உப்பு சரியா என்று ரிஜெக்டை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லிவிட்டு, சுத்தமான கரண்டி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள் மனைவி. அந்தப் பெண், முதலாளி இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். மனைவி நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தாள். மென்றுகொண்டிருந்த அந்த அயல்நாட்டுப் பெண்ணின் உதடுகளையே ரிஜெக்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.