பூஜை நாளில் கழற்றிய பேரிங்

பத்ரிநாராயணனுடைய பட்டறையில் ஆயுத பூஜை நடந்துகொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரே இன்ஜினீயர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தங்கபுஷ்பம். கிண்டியில் பி.இ. முடித்தவள். அவள் அப்பா வைரவன் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் மூட்டை இறக்குகிறவர், கையெழுத்து வேண்டிய இடத்தில் கட்டைவிரல் வைக்கிறவர். ஆண்பிள்ளை இன்ஜினீயராக இருந்தால் இப்படிப் பொட்டலம் கட்ட உட்கார வைப்பீர்களா என்று முதலாளியின் மனைவி காமாக்ஷி மாமியிடம் கேட்கத்தான் செய்தாள். சிந்தாமல் கட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு மாமி உள்ளே போய்விட்டாள்.

மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது பட்டறை. எழுபத்து மூன்றாம் வருஷம் அது. நில அளவைக் கருவிகளில் பாகைக் கோடு கீறுவதற்கான சுழல்மேசை ஒன்றை அங்கே முதன்முதலாகச் செய்துகொண்டிருந்தார்கள். மேசை சுற்றும்போது மயிரிழைகூட ஆடக்கூடாது. நடுவில் லென்ஸ் குழாய் போக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டையும் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கிற தடித்த பேரிங்கைப் போட்டால் குழாய்க்கு இடமிருக்காது, மேசையும் அம்மிக்கல்லாகக் கனக்கும். மெல்லிய பேரிங்தான் என்று தங்கபுஷ்பம் ஒற்றைக்காலில் நின்றாள். அகலத்தில் தட்டு, கனத்தில் வளையல், உள்ளே மிளகைவிடச் சின்னக் குண்டுகள். இறக்குமதி லைசென்ஸ் வாங்கி, சீமையிலிருந்து அது வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று.

வந்ததும் ஃபோர்மேன் கபாலி அதை விரலால் அமுக்கிப் பார்த்தான். கோணுகிறது, திருப்பி அனுப்பு என்றான். கையில் கோணினால் கோணட்டும், உட்காருகிற குழி எந்த வடிவமோ அந்த வடிவம்தான் இதற்கு, குழியைச் சரியான வட்டமாகக் கடைந்து கொடு என்றாள் இவள். சொன்னதோடு நிற்காமல், அவன் கடைந்ததை அளந்து பார்த்து மறுபடியும் கடைய வைத்தாள். அன்றிலிருந்து கபாலிக்கு அவள் மேல் காட்டம்.

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேசை ஒழுங்காகச் சுற்றினால் விஜயதசமியன்று உத்தரவு, சுற்றாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மேசையின் தூசி மூடி கறுப்புப் பூச்சுக்குப் போயிருந்ததால் பேரிங் திறந்து கிடந்தது. அதன்மேல் பாலிதீன் கட்டி, யாரும் அவிழ்க்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் அவள் சுண்டலுக்கு வந்திருந்தாள்.

பொட்டலங்களோடு உள்ளே போனபோது பாலிதீன் தரையில் கிடந்தது.

மூடிவைத்துக்கொண்டா சாமிக்குக் காட்டுவது என்று மாமிதான் அவிழ்த்திருக்கிறாள். பேரிங்கைச் சுற்றிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்தாயிற்று. புது மெஷின் பூஜையில் சும்மா நிற்கலாகாது என்று முதலாளி தன் கையாலேயே மேசையைச் சுற்றியும் விட்டிருந்தார். குண்டுகளுக்கு நடுவே சிவப்புக் குழம்பு.

தங்கபுஷ்பம் ஒரு விரலால் மேசையைத் தள்ளினாள். நேற்று ஓசையே இல்லாமல் போனது இன்று நறநறவென்றது.

இப்போதே கழற்றிக் கழுவ வேண்டும் என்றாள். பத்ரிநாராயணன் கையமர்த்தினார். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமிக் காலையில்தான் எடுக்கிற வழக்கம், ஒரு ராத்திரியில் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றார்.

"ராத்திரி முழுக்க ஈரம் உள்ள நின்னா காலைல துருதான் சார் இருக்கும். கடல்காத்து வேற. அப்புறம் கழுவிப் பிரயோஜனம் இல்ல."

"எல்லாம் அம்பாள் பாத்துப்பா."

"லைசென்ஸுக்கு அம்பாளா அலைஞ்சா? நான் அலைஞ்சேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாமி கிட்டே வந்து, தணிந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏண்டி, தூரமா இருக்கியோ? அதான் இப்படி ஆவேசம் வரதா?" என்றாள்.

"இல்ல மாமி. இருந்தாலும் கழட்டத்தான் செய்வேன்."

"வாணாம் பாப்பா, சாமி குத்தம் ஆயிடும்," என்றான் கபாலி. "இது பூட்ச்சின்னா வேற ஒண்ணு வந்துட்டுப் போவுது."

"வர எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள, பொம்பள எடுத்த பேரிங் இப்படித்தான் இருக்கும்னு நீங்கதான் மொதல்ல சொல்லுவீங்க."

கபாலி தலையைச் சொறிந்துகொண்டான். அந்த வாக்கியம் அவன் வாயில் தயாராகத்தான் இருந்திருக்கும்.

சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர்களும் அளவுகோல்களும் பூச்சரத்துக்குக் கீழே வரிசையாக இருந்தன. தங்கபுஷ்பம் பூவை எடுத்துப் படத்தடியில் வைத்தாள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் அவள் கையைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

பேரிங்கைக் கழற்றினாள். உள்ளே பூஜை விளக்கு எரிந்ததால் பெட்ரோல் தட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துக் கழுவினாள். கபாலி பழக்கதோஷத்தில், மெஷின் துடைக்கிற நூல் வேஸ்ட்டை நீட்டினான். ஒரு பிசிறு மாட்டினாலும் போச்சு என்று அதைத் தள்ளிவிட்டு, லென்ஸ் துடைக்கிற மல்துணியை வாங்கினாள். பெட்ரோல் முதலில் சிவப்பாகவும், பிறகு வெளிறியும், கடைசியில் வெறும் பெட்ரோலாகவும் வடிந்தது. ஈரம் போகக் காயவிட்டாள். குண்டுகளின் மேல் பூசியும் பூசாததுமாகக் கிரீஸ் தடவினாள். மேசையில் திரும்ப உட்கார்த்தி, எதிரும் புதிருமான திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கத் தொடங்கினாள். ஒன்றை அவசரப்பட்டு இறுக்கினால் அந்த மெல்லிய வளையம் அந்தப் பக்கமாகக் கோணிவிடும்.

பாதி முறுக்கியிருந்தபோது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்பாள்கிட்ட மன்னிப்புக் கேட்டுண்டு ஒரு நமஸ்காரம் பண்ணிடு. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"நான் சாமியக் கழுவல சார். பேரிங்கைத்தான் கழுவினேன்." அவள் நிமிரவில்லை. "போன்னா போறேன். இந்த ஸ்க்ரூவப் பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன்."

கடைசித் திருகு முடிந்ததும், கேட்காமலேயே கபாலி, மயிரிழை ஆட்டத்தையும் அளந்து காட்டுகிற முள் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசை விளிம்பில் பொருத்தினான். அதுவும் பூஜையில் இருந்ததுதான். அவள் மேசையைத் தள்ளினாள். சத்தமில்லை. கபாலி குனிந்து பார்த்தான்.

"முள்ளு ஆடவே இல்ல மொதலாளி," என்றான். அவனுக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் புதுப் பாலிதீன் கட்டினாள். அடுத்த வருஷம் பொட்டு வைப்பதானால் மேசையின் காலில் வையுங்கள், அது வார்ப்பிரும்பு, தாங்கும் என்று மாமியிடம் சொன்னாள். கையைக் கழுவினாள், பையை எடுத்தாள். வாசல் தாண்டும்போது முதலாளி குரல் கொடுத்தார்.

"காத்தால எட்டரைக்கு வந்துடு. மேசையப் பாக்க கோயம்புத்தூர்லேர்ந்து வரா."

"பர்மனென்ட் ஆர்டர் இல்லாம வர மாட்டேன் சார். மேசை சுத்துது, பாத்தீங்கல்ல?"

"டைப்ரைட்டர் பூஜையில இருக்கு."

"கையால எழுதுங்க."

"பேனாவும் பூஜையிலதான் இருக்கு."

"ஸ்பானரை நான் எடுத்தேன். பேனாவை நீங்க எடுங்க."

சொல்லிவிட்டு, சுண்டல் கட்டிய அதே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பத்ரிநாராயணன் பேனாவைப் பார்த்தபடி நின்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் போய்விட்டாள். அவள் போகும்வரை காத்திருந்து, அவர் பேனாவின் மேலிருந்த பூச்சரத்தை மெல்லத் தள்ளினார்.